ஒரே கத்திக்குத் தலைகொடுத்த வீடு

என் மனைவி பிறந்த குடும்பத்துக்கென்று ஒரு சவரக் கத்தி உண்டு. கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. பள்ளிப்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய அவர்களுடைய நிலத்தில் குலதெய்வத்தின் கல் நிற்கிறது. கத்தியை மஞ்சள் துணியில் சுற்றி அந்தத் தெய்வத்தின் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஒரு குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போதோ, ஒரு சாவுக்குப் பின் குறை தீர்க்க வேண்டிக்கொள்ளும்போதோ அது வெளியே வரும். கிணற்றடியில் ஆண், பெண் எல்லோரும் வயது வரிசையில் உட்காருவார்கள். மூத்தவரின் தலையில் தொடங்கும் கத்தி குழந்தையின் தலையில் முடியும். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே மஞ்சள் நீரில் ஒருமுறை அலசுவார்கள். நெருப்பில் காட்டுவதில்லை, வெந்நீரில் போடுவதில்லை. சாமி கத்திக்கு அது ஆகாது. பிறகு தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, வேனில் ஏறி, திருத்தணி மலைக்கு வந்து சேருவார்கள்.

மலையில் ஆளுக்கு ஒரு புது பிளேடு போட்டு முடியெடுக்கிறார்கள். அங்கே இவர்கள் தலை கொடுப்பதில்லை. வெளியார் தலையில் பட்ட எதுவும் தங்கள் தலையில் படக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. சுத்தத்தை முன்னிட்டு ஏற்பட்ட வழக்கம் அது என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம். அழுக்கான மனிதர்களின் கதையாக இதை யாரும் படித்துவிடக் கூடாது.

என் மாமியார் வயிறு வீங்கி இறந்த ஆண்டில் நானும் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து என் மனைவியின் அண்ணன் அதே விதமாக இறந்தார். மறுபடியும் எல்லோரும் உட்கார்ந்தோம். சாமிக்கு ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் இந்த வீட்டில் வயிற்று நோய் வருகிறது என்றார்கள். குறை தீர்க்க ஒரே வழி, எல்லோருடைய தலையும் ஒரே கத்திக்குப் போவது.

நான் புவியியல் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் அதைக் கற்பித்தவன். பாடத்திட்டத்தில் நோய்களின் பரவல் என்று ஒரு பகுதி உண்டு. அதில் கல்லீரல் புற்றுநோயின் உலக வரைபடம் வரும். கிழக்காசியாவின் சில பகுதிகளும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளும் அடர்ந்த நிறத்தில் இருக்கும். நம் நாடு அவ்வளவு அடர்த்தியில்லாமல் வெளிறியிருக்கும். அடர்ந்த நிறத்துக்கு நான் முதலில் சொல்லும் விளக்கம் நிலக்கடலை. ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடிக்கிறது, அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது என்பேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கடலை விளையும் பள்ளிப்பட்டுப் பக்கத்து மாணவர்கள், “சார், அப்போ எங்க ஊரே காலியா?” என்பார்கள். வகுப்பு சிரிக்கும். ஹெபடைடிஸ் பி என்ற கிருமியை இரண்டாவதாகச் சொல்வேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

இரண்டு காரணங்களும் உண்மையானவை. நான் அவற்றை அடுக்கிய வரிசைதான் தவறு. இன்று அந்த வரைபடத்தை எனக்கு வாசிக்கத் தெரியும். எந்தப் பகுதியில் ஒரு தலைமுறைக்கு முன் தாய்மார்கள் பலர் அந்தக் கிருமியோடு பிள்ளை பெற்றார்களோ, பெரும்பாலும் அந்தப் பகுதிதான் இன்று அடர்ந்த நிறத்தில் இருக்கிறது. பிறக்கும்போது ஒட்டிக்கொள்ளும் கிருமி முப்பது, நாற்பது ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் இருக்கும். பிறகு சிலரிடம் புற்றாக மாறும். வெளிறிய நிறம் பூசிய ஒரு நாட்டுக்குள்ளும் அடர்ந்த நிறத்தில் குடும்பங்கள் இருக்கும். அவ்வளவு சிறிய அலகை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் எடுக்க அறுவை சிகிச்சை செய்தபோது, முன்னதாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. “இப்போது தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள்” என்று மருத்துவர் சொன்னார். இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை என் பட்டச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் வைத்தேன். மூன்றாம் முறை போகவில்லை. அதற்கு நான் இப்போது எந்தக் காரணமும் சொல்லப் போவதில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து அவளுக்கு எடை குறைந்தது. வலப்பக்கம் வலி என்றாள். கல்லீரலில் புற்று. நான்கு மாதங்களில் முடிந்துவிட்டது. கடைசி முறை மருத்துவரைப் பார்த்தபோது அவர் என்னைத் தனியே அழைத்து, “இவங்க அம்மாவுக்கு, கூடப் பிறந்தவங்களுக்கு இப்படி ஏதாவது இருந்துச்சா சார்?” என்று கேட்டார். நான் இரண்டு சாவுகளையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, “உங்க பிள்ளைங்களுக்குப் பார்த்துடுங்க” என்றார்.

எனக்கு ஒரே மகள். காரியங்கள் முடிந்த பிறகு நாங்கள் இருவரும் ரத்தம் கொடுத்தோம். எனக்குக் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மகளுக்கு இருந்தது. அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “அம்மா வளையல மட்டும்தான் குடுத்தாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.  

அடுத்த ஆண்டு அவள் கருவுற்றாள். இந்த நினைவுக் குறிப்பின் பொருள் அந்தக் குழந்தைதான். மாமியார், அவருடைய மகன், என் மனைவி என்று இறங்கி வந்த ஒன்று, என் மகளிடம் நிற்குமா, அவளைத் தாண்டிப் போகுமா என்பது மட்டுமே அந்த நாள்களில் எனக்கு இருந்த கேள்வி.

மருத்துவர், ஓர் இளம் பெண், தெளிவாகப் பேசுபவர், எங்களிடம் கணக்கு ஆசிரியர் போல விளக்கினார். மகளின் ரத்தத்தில் கிருமியின் அளவு அதிகம். ஏழாம் மாதம் தொடங்கித் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில், கிருமியை உடனே தடுக்கும் நோயெதிர்ப்புப் புரத ஊசி. இரண்டும் சில மணி நேரத்துக்குள். பிறகு குறித்த மாதங்களில் மற்றத் தடுப்பூசிகள். ஒன்பது மாதம் கடந்த பின் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. “இதெல்லாம் ஒழுங்கா செஞ்சா, கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் தப்பிச்சிடறாங்க” என்றார். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லைப் பல நாள்கள் சுமந்துகொண்டு நடந்தேன்.

முதல் பிரசவம் தாய் வீட்டில். தாய் இல்லாத வீட்டுக்கு, அவளுடைய இடத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, என் மனைவியின் தங்கை பள்ளிப்பட்டிலிருந்து வந்தாள். கடலையும் கரும்பும் பயிரிடுகிறவள், அறுபதை நெருங்குகிறவள், டிராக்டர் ஓட்டுகிறவனையே வாயால் ஓட்டுகிறவள். என்னைப் ‘பாவா’ என்று அழைப்பாள். கொழுந்தியாள் என்ற உரிமையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னைக் கேலி செய்துவருகிறாள். அக்கா போன பிறகும் அதை அவள் நிறுத்தவில்லை. அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வந்த முதல் வாரமே நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

“அப்போ எங்கம்மா, எங்கண்ணன், எங்கக்கா, மூணு பேரும் ஒரு பூச்சியாலதான் செத்தாங்கன்றீங்க.”

“பூச்சி இல்லை. கிருமி.”

“ஆங், அதான். கண்ணுல பாத்தீங்களா?”

“கண்ணுக்குத் தெரியாது.”

“எங்க சாமியும் கண்ணுக்குத் தெரியாதுதான் பாவா. அத மட்டும் நம்ப மாட்டீங்க.”

நான் கத்தியைப் பற்றிப் பேசினேன். என் மனைவிக்கு நோய் கத்தியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. தாயிடமிருந்து பிறப்பிலேயே வந்திருக்கக்கூடும் என்பதே மருத்துவரின் எண்ணம். ஆனால் கிருமி உள்ள ஒருவரின் தலையில் கீறல் போட்ட கத்தி, அலசிய ஈரத்தோடு அடுத்தவர் தலையில் கீறல் போட்டால் அந்தக் கிருமி பயணம் போகும். உலர்ந்த ரத்தத்திலும் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயைத் தீர்ப்பதற்கென்று அந்த வீட்டார் உட்கார்ந்த ஒவ்வொரு வரிசையும் நோய்க்கு ஒரு புது வாய்ப்பைக் கொடுத்திருக்கலாம்.

அவள் கீரைத் தண்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, “எங்க வூட்டுக் கத்தி சுத்தமானது பாவா. ஊரான் தலைய அது தொட்டதில்ல” என்றாள். குரலில் கேலி இல்லை. நீங்களும் வந்து ரத்தம் கொடுங்கள் என்றதற்கு, “எங்க ரத்தத்துல இன்னா இருக்குதுன்னு திருத்தணி பஸ் ஸ்டாண்டுல ஒட்டவா?” என்று எழுந்து போய்விட்டாள்.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எதிர்ப்புப் புரத ஊசி உள்ளூரில் இருப்பில் இல்லை. சென்னையில் ஒரு மருந்துக் கடையில் சொல்லிவைத்திருந்தேன்; அடுத்த வாரம் வாங்குவதாக ஏற்பாடு. ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலையில் மகளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

அந்த நாள் திருத்தணி எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். மகளை நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அங்கே தடுப்பூசி இருந்தது. மற்ற ஊசி இல்லை. மாலைக்குள் வந்தால் போதும் என்றார் மருத்துவர். மருமகன் பெங்களூரிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தார். நான் காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போனேன். என் எதிர்த்திசையில் வந்த ஒவ்வொரு ரயிலும் மஞ்சள் உடையால் நிரம்பியிருந்தது. திரும்பும்போது அந்தக் கூட்டத்தில்தான் நானும் வர வேண்டும்.

கடைக்காரர் மருந்துக் குப்பியை ஐஸ் கட்டிகளோடு ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து, நாடா ஒட்டிக் கொடுத்தார். ரயிலில் உட்கார இடமில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். திருவாலங்காடு தாண்டும்போது கைப்பேசி அடித்தது. கொழுந்தியாள்.

“பொண்ணு பொறந்துகிது பாவா. பெரிய உயிரு, சின்ன உயிரு ரெண்டும் நல்லாகிது. மொத ஊசி போட்டுட்டாங்க. கொழந்த அக்கா மாதிரியே மொறைக்கிது.”

“இரண்டாவது ஊசி என்னிடம் இருக்கிறது” என்றேன். 

நிலையத்திலிருந்து நர்சிங் ஹோம் நடந்தால் இருபது நிமிடம். அன்று ஓர் அடி நகர ஒரு நிமிடம் ஆனது. காவடிகள், பால் குடங்கள், பம்பைச் சத்தம். அறுபத்தெட்டு வயதில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஒரு சந்தனக் கடைக்கு முன்னால் சிக்கி நின்றேன். பக்கத்தில் புஷ்பக் காவடி சுமந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்தான்.

“இன்னா தாத்தா, பொட்டியில பாலா?”

“மருந்து. இன்று பிறந்த குழந்தைக்கு. ஐஸ் உருகுவதற்குள் போக வேண்டும்.”

 காவடியைத் தோளில் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தான். “கொழந்த மருந்து வருதுப்பா, வழி வுடு, வழி வுடு” என்று அவன் சொல்ல, அவனோடு வந்த குழுவும் அதையே பாட்டுப்போல எடுத்துக்கொண்டது. பம்பைக்காரர் அதற்கேற்ப அடிக்கத் தொடங்கினார். கூட்டம் பிளந்தது. வாழ்க்கையில் எந்த ஊர்வலத்துக்கும் தலைமை தாங்கியிராத நான், அன்று பம்பை முழங்க நர்சிங் ஹோம் வாசல் வரை போனேன். குழந்தை பிறந்து நான்கு மணி நேரத்துக்குள் இரண்டாவது ஊசி இறங்கியது. அது அழுதது. அந்த அழுகையை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பெட்டியில் ஐஸ் பாதி இருந்தது.

‘பச்ச மண்ணுக்கு ரெண்டு தொடையிலயும் ஊசியா’ என்று கொழுந்தியாள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். ஆனால் பிறகு வந்த தடுப்பூசி நாள் ஒவ்வொன்றையும் அவள்தான் நாள்காட்டியில் வட்டமிட்டாள். குழந்தையைத் தாய்ப்பால் குடிக்க விடலாமா என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, “டாக்டரம்மா தாராளமா குடுக்கலாம்னு சொல்லிகிறாங்க, நீ போயி உன் வேலையப் பாரு” என்று அனுப்பியதும் அவள்தான்.

பதினோராம் மாதம் முதல் முடி. நாளைக் குறித்தவளும் அவளே. “எல்லாரும் உக்காரணும் பாவா. அக்கா செத்ததுக்கு இன்னும் வேண்டுதல் செலுத்தல. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்.”

“குழந்தையின் தலையில் அந்தக் கத்தி படாது” என்றேன்.

“ஊசிதான் போட்டாச்சே. இன்னும் இன்னா பயம்?”

“பயம் இல்லை. படாது.”

என்னுடைய குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை எடுக்கத்தான் போகிறோம். “கொழந்தைக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சுன்னா நீங்க சொல்றது நெசம். அந்தக் கத்திய நானே பொட்டியில வெச்சுப் பூட்டிடறேன். இருக்குதுன்னு வந்துச்சுன்னா, ஊசியும் பொய், நீங்களும் பொய். நீங்க உக்காந்து தலையக் குடுக்கணும், வாயத் தொறக்கக் கூடாது.”

பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் கத்தியைப் பற்றிய உண்மை மாறாது என்று அவளுக்கு விளக்க முயன்றேன். கல்லூரி வகுப்பில் அந்த வாதம் எடுபட்டிருக்கும். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு இறங்கி வந்தது நின்றுவிட்டது என்பதை அவள் பார்க்க வேண்டும். அது ஒன்றைத்தான் அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடியெடுக்கும் நாளுக்கு முந்திய நாள் காலையில் திருத்தணியில் ரத்தம் எடுத்தார்கள். மாலையில் வர வேண்டிய முடிவு வரவில்லை. மறுநாள் காலை கைப்பேசிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஆகவே நாங்கள் முடிவு தெரியாமலேயே புறப்பட்டோம். மகள் வண்டியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடிவைத்திருந்தாள்.

கிணற்றடியில் இருபத்தாறு பேர். எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வயது வரிசையில் பலகைகள் போட்டாயிற்று. என் பலகை முதலாவது. இப்போது அந்தக் குடும்பத்தில் நான்தான் மூத்தவன். மஞ்சள் நீர் ஒரு பித்தளை அண்டாவில் இருந்தது. பள்ளிப்பட்டில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநர், இவர்களுக்குப் பரம்பரையாகச் செய்கிறவர், குந்தி உட்கார்ந்து சாமி கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா. ஒங்களுக்கு எடுக்கறதுக்கு இன்னா இருக்குது, ரெண்டே இழுப்பு” என்றார் என் வழுக்கையைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் உட்காரவில்லை. கொழுந்தியாளும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவள் என் மகளிடம் போனாள்.

“வந்துச்சா?”

“இல்ல சித்தி.”

“நல்லாப் பாருடி.”

மகள் கைப்பேசியை எடுத்தாள். அந்த இடத்தில் சிக்னல் அவ்வளவாகக் கிடைக்காது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரையைப் பார்த்தபடி நின்றவள் திடீரென்று குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். பிறகு என்னிடம் நடந்து வந்து கைப்பேசியை நீட்டினாள்.

“நீங்க படிங்கப்பா.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு வரிகள். முதல் வரி, கிருமி இல்லை. இரண்டாவது வரி, கிருமியை எதிர்க்கும் சக்தி ரத்தத்தில் போதிய அளவுக்கு மேல் இருக்கிறது. பெயர், வயது, நாள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். பிறகு பெரிய வகுப்புகளில் பேசும் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படியாக, அந்த இரண்டு வரிகளையும் தமிழில் சொன்னேன். தெலுங்கு பேசுகிறவர்களுக்காக அதையே தெலுங்கிலும் சொன்னேன். நான்கு மாதத்தில் மனைவியை இழந்தபோது உடையாத என் குரல் அந்தத் தெலுங்கு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயிற்று. மீதியை மகள் சொல்லி முடித்தாள்.

கொழுந்தியாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏண்டி, எங்க மூணு பேரக் கொண்டுகினு போனத நீ ஊசியால குத்திட்டியா?” என்று கேட்டாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அவள் அழுததை நான் அந்த ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் நீண்ட நேரம் நீடிக்கவில்லை. திரும்பி முடிதிருத்துநரைப் பார்த்தாள்.

“நீ இன்னா பாத்துகினு கீற? அத மடக்கு.”

அவர் கத்தியை மடக்கினார்.

“புது பிளேடு இருக்குதா?”

“மூணு பாக்கெட்டு கீதும்மா.”

“இன்னிக்கு வேணும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒவ்வொரு தபாவும் கொண்டாரேன், திரும்ப எடுத்துகினு போறேன். கடையில ஆளுக்கு ஒரு பிளேடு போட்டுகினுதான் செய்யறேன், அஞ்சாறு வருசமா. ஒங்க வூட்டுல மட்டுந்தான் ‘சாமி கத்தி, சாமி கத்தி’ன்றீங்க. நான் இன்னா சொல்ல முடியும்?”

“வாயிருக்குதில்ல, சொல்றதுதான?”

“ஒங்ககிட்டயா?” என்றார் அவர். அந்தக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு கரும்புக்கொல்லை வரை கேட்டிருக்கும்.

அவள் கத்தியை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாளா, விளக்கம் சொன்னாளா, தெரியாது; உதடுகள் அசைந்தன. பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று இருபத்தாறு பேருக்கும் இருபத்தாறு பிளேடுகள். பயன்படுத்திய ஒவ்வொன்றையும் ஒரு தகர டப்பாவில் போடச் செய்து, அவளே எண்ணினாள். வேண்டுதல் நிறைவேறியது. சந்தனத் தலைகளோடு மலைக்குப் போனோம். படியேற முடியாதவர்களுக்கு வேன்; நான் படியேறினேன்.

வெற்றி என்ற சொல்லை நான் கட்டுரைகளில் பயன்படுத்தியதில்லை. மாணவர்களுடைய விடைத்தாள்களில் வந்தாலும் அடித்துவிடுவேன். அது வரலாற்றுத் துறைக்காரர்களின் சொல் என்பேன். அந்த மதியத்துக்கு வேறு சொல் என்னிடம் இல்லை. உலகில் சில நாடுகள் ஒரு தலைமுறைக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்த ஊசியைப் போடத் தொடங்கின. அங்கே இன்றைய இளைஞர்களிடம் இந்தப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் வகுப்பில் காட்டிய அடர்ந்த நிறம் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டிருக்கிறது. எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஒரு குடும்பத்தில், ஒரு கிணற்றடியில், அதே காரியம் நடந்ததை நான் பார்த்தேன். பார்க்க வேண்டிய இன்னொருத்தி இல்லை. அதை எழுதாமல் விட முடியாது. அதற்கு மேல் எழுதவும் முடியாது.

அடுத்த வாரம் கொழுந்தியாள் வேன் பேசி உறவினர்களைத் திருத்தணிக்கு அழைத்து வந்தாள். பரிசோதனைக் கூடத்தின் வாசலில் எல்லா மொட்டைத் தலைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவளுடைய முடிவு விசித்திரமாக இருந்தது. எப்போதோ கிருமி வந்திருக்கிறது. அவள் உடம்பே அதை விரட்டிவிட்டு எதிர்ப்புச் சக்தியைச் சம்பாதித்துக்கொண்டது. மருத்துவர் இதைச் சொன்னபோது அவள் சிறிதும் வியப்படையவில்லை. “எங்கிட்ட யாரு பாவா தங்க முடியும்? நீங்களே ஒரு வாரத்துக்கு மேல பள்ளிப்பட்டுல இருந்ததில்லையே.”

அவளுடைய அண்ணன் மகனுக்குக் கிருமி இருந்தது. முப்பத்தெட்டு வயது. கல்லீரல் இன்னும் நன்றாக இருக்கிறது, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். மாத்திரை தொடங்கிவிட்டார்கள். என் மகளும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கிருமி இல்லாத மற்றவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசியை முடித்துவிட்டார்கள்.

கொழுந்தியாள் இப்போது உறவில் எந்தப் பெண் கருவுற்றாலும் கைப்பேசியில் பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நகரிப் பக்கத்து மருமகள் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். என் பேத்தி அவள் மடியில் நின்று கைப்பேசியைப் பிடுங்கப் பார்த்தது.

“வளைகாப்பு, பொடவை எல்லாம் அப்பறம் பேசலாம். ரத்தம் பாத்துட்டியா? அந்த மஞ்சக் காமால கிருமியச் சொல்றேன். இல்லன்னா சந்தோசம், இருந்துச்சுன்னா அழாத, எங்க பாவாகிட்ட சொல்லு, அவரு பொட்டியத் தூக்கிகினு ஓடுவாரு. எதுவா இருந்தாலும் கொழந்த பொறந்த அன்னிக்கே ஊசி. அது போடற வரைக்கும் அந்த நர்சம்மா முந்தானைய வுடாத. இன்னா? மாமியார் வேணாம்னுதா? போன அவகிட்ட குடு.”